போன் நம்பருக்கு அப்புறம் நேர்ல யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு உங்க பேப்பர்ல, மார்க் கம்மியானா மனசு ஒடைஞ்சு போயிடாதீங்க, 14416க்கோ 104க்கோ போன் பண்ணி பேசுங்கன்னு கட்டம் கட்டி போட்டிருந்தீங்க, அதுக்கு மொதல்ல என் நன்றி. அந்தக் கட்டத்தை அப்படியே வெட்டி எங்க ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல ஒட்டி வெச்சேன். மார்க் ஷீட் வாங்க வந்த ஒரு பொண்ணு ரொம்ப நேரம் நின்னு அதைப் படிச்சிட்டு, "மேடம், எங்க வீட்ல தெலுங்குதான், இதுல தெலுங்குல பேசலாமா"ன்னு கேட்டா. 14416ல பேசலாம்மா, தமிழ் தெலுங்கு கன்னடம் எல்லாத்துலயும் பேசலாம்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு அடுத்து கேட்டா பாருங்க, "பேசிட்டு வெச்சப்புறம் நேர்ல யாரைப் போய் பாக்கறது மேடம்?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

நான் எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப் பணியில முதுகலை படிச்சவ. 17 வருஷமா தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் கவுன்சிலரா வேலை பாக்கறேன், மொதல்ல ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையத்துல ஹெச்ஐவி டெஸ்ட்டுக்கு வர்றவங்களுக்கு, நடுவுல கொஞ்ச நாள் போதை மறுவாழ்வு மையத்துல, இப்போ ரெண்டு ஸ்கூலுக்கு மாத்தி மாத்தி. இத்தனை வருஷத்துல நான் பாத்த ஒண்ணே ஒண்ணைத்தான் சொல்ல வர்றேன். அடுத்தவங்க மனசைப் பத்தி நாள் பூரா பேசற நாங்க, எங்க ரூமை விட்டு வெளிய வந்து அவங்களுக்காகவும் பேசறதில்ல, எங்க தொழிலுக்காகவும் பேசறதில்ல. அதை நாங்க பேசாம வேற யாரும் பேசப் போறதில்ல.

மொதல்ல இந்தப் பேரையே எடுத்துக்கோங்க. எங்க ஊர்ல கவுன்சிலர்னு சொன்னா வார்டு கவுன்சிலர்னுதான் நினைக்கறாங்க, ஒரு தடவை ஒரு பெரியவர் தெரு லைட் எரியலன்னு மனுவே எழுதிட்டு வந்துட்டார். கவுன்சிலிங்னா இன்ஜினியரிங் சீட்டு கலந்தாய்வு, இல்லைன்னா வாத்தியாருங்க டிரான்ஸ்பர் கலந்தாய்வு. அதுவும் இல்லைன்னா, பையன் தப்பு பண்ணிட்டான், கூப்பிட்டு நல்லா கவுன்சிலிங் குடுங்கன்னு சொல்றாங்க, அதாவது நல்லா திட்டி அனுப்புங்கன்னு அர்த்தம். அரசாங்க ஆர்டர்ல எங்களை ஆற்றுப்படுத்துநர்னு போடறாங்க. எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். சங்க காலத்துல பரிசு வாங்கிட்டு வர்ற பாணன், வழியில வாடிப்போய் வர்ற இன்னொரு பாணனை நிறுத்தி, இந்த வழியா போ, இன்னின்ன ஊர் வரும், அங்க போனா உன் பசி தீரும்னு வழி காட்டி அனுப்புவான், அதுக்குப் பேர்தான் ஆற்றுப்படை. அந்த வழியில முன்னாடி நடந்து பாத்தவன் சொல்றது அது. திட்டறதுக்கும் அதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குதா சொல்லுங்க.

இப்போ ஒரு சம்பவம் சொல்றேன், மலைப்பக்கம் நான் போயிட்டிருந்த ஒரு ஸ்கூல்ல நடந்தது. ஒன்பதாவது பத்தாவது படிக்கற எட்டு பொண்ணுங்களை டீச்சர் என்கிட்ட அனுப்பினாங்க, காலைல ப்ரேயர்லயே தூங்கி விழறாங்க, கேட்டா தலைவலி வயித்துவலிங்கறாங்க, நீங்க பேசி சரி பண்ணுங்க மேடம்னு. எனக்குக் குடுத்த ரூம் ஸ்போர்ட்ஸ் சாமான் போட்டு வெச்ச ரூம், ஒரு பக்கம் கிழிஞ்ச வாலிபால் நெட்டு, இன்னொரு பக்கம் காலு ஒடைஞ்ச பெஞ்ச் அடுக்கி இருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கதவு தானா திறந்துக்கும்னு ஒரு செங்கல்லை முட்டுக் குடுத்து வெச்சிருப்போம், உள்ள ஒரு புள்ள அழுதா வெளிய வராண்டாவுல போற புள்ளைங்க எட்டிப் பாக்கும். அந்த ரூம்ல உக்கார வெச்சு நாலு வாரம் பேசினேன். படிப்பு பயமா, வீட்ல சண்டையா, யாராவது தொந்தரவு பண்றாங்களான்னு பக்குவமா கேட்டேன், மூச்சுப் பயிற்சியெல்லாம் சொல்லிக் குடுத்தேன். அஞ்சாவது வாரம் அதுல ஒரு பொண்ணு தலையை நிமிராமயே சொன்னா, "மேடம், நீங்க சொன்ன மாதிரி மூச்செல்லாம் நல்லாத்தான் விடறேன், பஸ்ஸுதான் வரல."

அப்புறம்தான் ஒண்ணொண்ணா கேட்டேன். ஸ்கூல் விடறது 4.10க்கு, பஸ் 4 மணிக்கே போயிடுது, அடுத்த பஸ் 6.40க்கு. இறங்கி ரெண்டு கிலோமீட்டருக்கு மேல காட்டு ஓரமா இருட்டுல நடக்கணும், யானை நடமாட்டம் இருக்கற பக்கம், போற வழியில குடிச்சிட்டு உக்காந்திருக்கறவங்க வேற. வீட்டுக்குப் போய் களி கிண்டி, தம்பி தங்கச்சிக்கு குடுத்து, பாத்திரம் கழுவி, ஹோம்வொர்க் முடிச்சு படுக்கறதுக்கு பதினொண்ணு ஆயிடும், காலைல 5 மணிக்கு தண்ணிக்குப் போகணும். அப்பா அம்மா பெங்களூர்ல சென்ட்ரிங் வேலையில இருக்கறாங்க, வீட்ல பாட்டி மட்டும்தான். அந்தப் புள்ள தூங்காம என்ன பண்ணும்? நான் நாலு வாரமா அந்தப் புள்ளைங்க மனசுல என்ன கோளாறுன்னு தேடிட்டிருந்தேன், கோளாறு பஸ் டைம்ல இருந்தது. இன்னிக்கும் அதை நினைச்சா எனக்கு வருத்தமா இருக்கு.

திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல மனு குடுக்கப் போனேன். மொதல் தடவை மனுவை வாங்கி சீல் வெச்சு சீட்டு குடுத்தாங்க, ஒண்ணும் நடக்கல. ரெண்டாவது தடவை ஒரு ஆபீஸ்ல இருந்தவர், "நீங்க கவுன்சிலர்தானேம்மா, பஸ்ஸுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டார், கோவமா கேக்கல, நிஜமாவே புரியாமத்தான் கேட்டார். மூணாவது தடவை நான் எழுதல, அந்தப் பொண்ணுங்களே எழுதினாங்க, ஒவ்வொருத்தரும் எத்தனை மணிக்கு ஸ்கூல் விடுது, எத்தனை மணிக்கு வீடு சேர்றோம், எத்தனை மணிக்கு படுக்கறோம்னு கட்டம் போட்டு எழுதி கையெழுத்து போட்டு, ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் வாங்கி, கூட ரெண்டு பாட்டிங்களையும் அழைச்சிட்டுப் போனோம். அடுத்த மாசம் பஸ் 4.30க்கு மாறிடுச்சு. அதுக்கப்புறம் அந்த எட்டு பேர்ல ஆறு பேர் என் ரூமுக்கு வர வேண்டிய தேவையே இல்லாம போச்சு. மீதி ரெண்டு பேருக்கு வேற விஷயம் இருந்தது, அவங்களுக்கு என் நேரத்தை முழுசா குடுக்க முடிஞ்சது.

ஊர்ல இதை வக்காலத்து வாங்கறதுன்னு சொல்லுவாங்க, நீ என்னாத்துக்கு அவங்களுக்கு வக்காலத்து வாங்கறேன்னு கேட்டா அது ஏச்சு மாதிரிதான் இருக்கும். எங்க தொழில்ல அது ஏச்சு இல்ல, கடமை. அமெரிக்காவுல கவுன்சிலருங்க சங்கம் 2003லயே இதை எழுதியே வெச்சுட்டாங்க, வர்றவங்களோட சேர்ந்து குரல் குடுக்கறதும், அவங்களால முடியாதப்போ அவங்களுக்காகப் போய் பேசறதும் கவுன்சிலரோட திறமையில சேர்த்தின்னு. எங்க படிப்புல கேஸ் ஒர்க் சொல்லிக் குடுத்தாங்க, குரூப் ஒர்க் சொல்லிக் குடுத்தாங்க, பாடத்துல இதுவும் ஒரு சாப்டரா இருந்தது, ஆனா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனுவோட நிக்கறதுக்கு யாரும் பழக்கல.

இதே ஆஸ்பத்திரியிலயும் பாத்தேன். ஒரு அப்பா, தற்கொலைக்கு முயற்சி பண்ண பையனை எமர்ஜென்சியில சேர்த்துட்டு வெளிய உக்காந்திருந்தார், பையன் உசுருக்கு ஆபத்து இல்லன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயாச்சு, இருந்தும் அந்த மனுஷன் கை நடுங்கிட்டே இருந்தது. பக்கத்துல உக்காந்தப்போ மெதுவா கேட்டார், "போலீஸ் கேஸ் ஆயிடுமாம்மா, அவன் காலேஜ் போயிடுமா?" புள்ள பொழைச்சதுக்கு அழ வேண்டிய நேரத்துல அவருக்கு போலீஸ் பயம். 2017ல வந்த மனநலச் சட்டம், 2018 மே மாசத்துல இருந்து நடைமுறையில இருக்கு, அதோட 115ஆவது பிரிவு தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அவங்களுக்கு சிகிச்சையும் பராமரிப்பும் மறுவாழ்வும் குடுக்கறது அரசாங்கத்தோட பொறுப்புன்னு சொல்லுது. 2024 ஜூலையில வந்த புது கிரிமினல் சட்டத்துல, தற்கொலை முயற்சியைக் குத்தம்னு சொன்ன பழைய 309 பிரிவே இல்ல. இதை அவர்கிட்ட எளிமையா சொன்னப்புறம்தான் எழுந்து போய் பையனைப் பாத்தார். சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு, நம்ம ஊர்ல எத்தனை குடும்பத்துக்கு இது தெரியும்? இதை ஊர் ஊரா போய் சொல்ல வேண்டியது எங்க வேலை இல்லாம யார் வேலை?

சரி, அவங்களுக்காகப் பேசறது இருக்கட்டும், எங்களுக்காக எதுக்குப் பேசணும்னு கேட்டா, அதுவும் கடைசியில வர்றவங்களுக்காகத்தான். கவுன்சிலர் வேலை பெரும்பாலும் தொகுப்பூதியம், வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும், எனக்கே மூணு மாசம் நாலு மாசம் சேர்ந்தாப்ல சம்பளம் வராம இருந்திருக்கு. வேற வழி இல்லாம ஆளுங்க ஓசூர்ல கம்பெனி ஹெச்ஆர் வேலைக்குப் போயிடறாங்க, அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. எனக்கு முன்னாடி இருந்தவங்க அப்படி நடுவுல போயிட்டாங்க, அவங்க இடத்துக்கு நான் போன மொதல் நாள் எட்டாவது படிக்கற ஒரு பையன் கதவுகிட்ட நின்னு என்னையே பாத்துட்டு கேட்டான், "நான் மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லணுமா மேடம்?" உள்ளயே வரல. அவன் என்ன சொல்லிட்டிருந்தான், எதுல நிறுத்தினான்னு எனக்குத் தெரியாது, எழுதி வெச்ச நோட்டும் இல்ல. அவனை உக்கார வெச்சு வாய் திறக்க வைக்க எனக்கு ஏழு மாசம் ஆச்சு. கான்ட்ராக்ட்னு பேப்பர்ல இருக்கற ஒரு வார்த்தை அந்தப் புள்ளையோட ஏழு மாசத்தை எடுத்துக்கிச்சு.

இன்னொரு பக்கம், யார் வேணும்னாலும் கவுன்சிலர்னு போர்டு மாட்டலாம்ங்கற நிலைமை. மெயின் ரோட்டுல போனா மைண்ட் பவர், மெமரி, ஹிப்னாட்டிசம், குடும்பப் பிரச்சனைன்னு எல்லாம் ஒரே போர்டுல இருக்கும், மூணு நாள் கிளாஸ் போனதுக்கு ஒரு சர்டிபிகேட் சுவத்துல தொங்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல (ஆர்சிஐ) பதிவு இருக்கு, டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் இருக்கு, வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு. எங்களுக்கு ரொம்ப நாளா எதுவும் இல்ல. மனநலச் சட்டத்துல மனநலத் தொழில்முறையாளர்னு சொல்ற இடத்துலயும் கவுன்சிலர்ங்கற பேர் வராது. 2021ல துணை மருத்துவத் தொழில்களுக்குன்னு மத்திய சட்டம் ஒண்ணு வந்தது, அதோட அட்டவணையில கவுன்சிலருங்க, மனநல உதவிப் பணியாளருங்க, சமூகப் பணியாளருங்கன்னு எங்க ஆளுங்க பேர் இருக்கு, மாநில அளவுல கவுன்சில் வெச்சு பதிவேடு வைக்கணும்னும் இருக்கு. நம்ம ரெண்டு மாவட்டத்துல இருக்கற கவுன்சிலருங்கள்ல நான் கேட்ட முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒரு சட்டம் இருக்கறதே தெரியல. நம்ம பேரை யாரோ எழுதி வெச்சிருக்காங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு கேக்க வேண்டியது நாமதானே.

அது சும்மா வராது, நாள் ஆகும். அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துலதான் மொதல் மொதல்ல கவுன்சிலருக்கு லைசென்ஸ் சட்டம் வந்தது, 1976ல. கடைசியா கலிபோர்னியாவுல வந்தது 2009ல. நடுவுல 33 வருஷம், ஒவ்வொரு மாநிலமா கவுன்சிலருங்களே கூடி, எம்எல்ஏ மாதிரி இருக்கறவங்களைப் போய் பாத்து, எங்களுக்கும் பதிவு வேணும், தப்பு பண்ணா எங்களைக் கேக்கறதுக்கும் ஒரு இடம் வேணும்னு கேட்டு வாங்கினாங்க. அதுக்கப்புறமும் வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ்ல கவுன்சிலர் பீஸை சேர்க்கறதுக்கு 2024 ஜனவரி வரைக்கும் ஆச்சு. நம்ம தமிழ்நாட்டுலயும் இப்படிப் பேசி வாங்கின கதை இருக்கு. சென்னையில 1986ல தற்கொலைத் தடுப்புக்காக சிநேகா அமைப்பை ஆரம்பிச்ச டாக்டர் லட்சுமி விஜயகுமார், போன் எடுத்துப் பேசறதோட நிக்கல, பரீட்சையில பெயிலான புள்ளைங்களுக்கு ஒரு வருஷம் வீணாகாம உடனே மறுபரீட்சை வைக்கணும்னு குரல் குடுத்தவங்க, வயல்ல அடிக்கற மருந்தை வீட்ல வைக்காம ஊர்ப் பொது இடத்துல பூட்டி வெச்சா உயிர் மிஞ்சுதான்னு காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமத்துல செஞ்சு பாத்தவங்க. இன்னிக்கு நம்ம பாலக்கோட்டுலயும் அரூர்லயும் பெயிலான புள்ள ஜூன், ஜூலையிலயே மறுபடி எழுதுதுன்னா அதுக்குப் பின்னாடி இப்படிப் பேசினவங்க இருக்காங்க.

இப்போ நமக்கு ஒரு வாய்ப்பு கைக்கெட்டற தூரத்துல இருக்கு. விசாகப்பட்டினத்துல நீட் கோச்சிங்ல இருந்த ஒரு மாணவி இறந்துபோன கேஸ்ல 2025 ஜூலை 25ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்தது. 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கற எந்தக் கல்வி நிறுவனமா இருந்தாலும் முறையா படிச்ச கவுன்சிலரோ சைக்காலஜிஸ்ட்டோ சமூகப் பணியாளரோ ஒருத்தராவது இருக்கணும், சின்ன நிறுவனம்னா வெளிய இருக்கறவங்களோட தொடர்பு வெச்சுக்கணும், வாத்தியாருங்களுக்கும் மத்த ஊழியருங்களுக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவை பயிற்சி குடுக்கணும், மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் தலைமையில கண்காணிப்புக் கமிட்டி வேணும்னு சொல்லியிருக்கு. இதுக்குன்னு தனிச் சட்டம் வர்ற வரைக்கும் இதுவே சட்டம் மாதிரி. ஊத்தங்கரை பக்கம், தருமபுரி பக்கம் இருக்கற ஹாஸ்டல் ஸ்கூலுங்களை நினைச்சுப் பாருங்க, காலைல 5 மணிக்கு எழுப்பி ராத்திரி பத்து மணி வரைக்கும் ஸ்டடி, ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் வீட்டுக்கு போன். அங்க இருக்கற புள்ளைக்கு வார்டனையும் வாத்தியாரையும் தவிர பேச ஒரு ஆள் வேணும். அமெரிக்க ஸ்கூல் கவுன்சிலர் சங்கம் 250 புள்ளைங்களுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கணும்னு சொல்லுது. நான் போற ரெண்டு ஸ்கூலும் சேர்த்து 1,900 புள்ளைங்க.

அதனால ரெண்டு மாவட்ட கலெக்டருக்கும் உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். அந்தக் கமிட்டியில அதிகாரிங்க மட்டும் உக்காந்தா போதாது, நேர்ல புள்ளைங்களோட உக்கார்ற கவுன்சிலர் ஒருத்தராவது இருக்கணும், கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் பரவாயில்ல. நியமிக்கறப்போ என்ன படிச்சிருக்காங்கன்னு பாருங்க, பெயருக்கு ஒரு வாத்தியாரை கவுன்சிலர்னு எழுதி கணக்கு காட்ட விடாதீங்க, காலைல அடிக்கற கையே மத்தியானம் ஆறுதல் சொன்னா எந்தப் புள்ள நம்பும். அப்புறம் தயவு செஞ்சு ஒரு ரூம், கதவோட, உள்பக்கம் ஆள் அழறது வெளிய தெரியாத மாதிரி.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. ரிசல்ட் நேரத்துல நம்பர் போடற நீங்களே மத்த நாள்ல, மார்க் குறைஞ்சதால மாணவி விபரீத முடிவுன்னு தலைப்பு போடறீங்க. ஒரு புள்ள சாகறதுக்கு ஒரே காரணம் எப்பவும் இருக்காது, அதைப் படிக்கற இன்னொரு புள்ளைக்கு மார்க் குறைஞ்சா இதுதான் வழிங்கற மாதிரி பதிஞ்சு போகும். பிரஸ் கவுன்சில் 2019ல குடுத்த வழிகாட்டுதல்லயும் இதைப் பெரிசா போடாதீங்க, ஒரே காரணமா சுருக்காதீங்க, உதவி எங்க கிடைக்கும்னு சேர்த்துப் போடுங்கன்னுதான் இருக்கு. அந்த 14416 கட்டத்தை வாரம் ஒரு நாளாவது போடுங்க, ரிசல்ட் அன்னிக்கு மட்டும் மனசு கஷ்டப்படறதில்ல யாரும்.

கடைசியா என் கூட வேலை பாக்கறவங்களுக்கு. ஆரம்பத்துல எனக்கு மேல ஒரு சீனியர் இல்ல, தப்பா பேசினா தப்புன்னு சொல்ல ஆள் இல்ல. ஹெச்ஐவி பாசிட்டிவ்னு தெரிஞ்ச ஒரு லாரி டிரைவர்கிட்ட, கவலைப்படாதீங்க அண்ணா எல்லாம் சரியாயிடும்னு அவசரமா சொன்னேன், அவர் எழுந்து போனவர் மறுபடி வரவே இல்ல. அந்த இடத்துல சும்மா அவர் கூட உக்காந்திருந்தாலே போதும்னு எனக்குச் சொல்லிக் குடுக்க ஒருத்தர் இருந்திருந்தா அவர் மருந்துக்கு வந்திருப்பார்னு இன்னிக்கும் நினைக்கறேன். நம்ம மாவட்டத்துல நம்பிக்கை மையத்துல ஒருத்தர் இருக்காங்க, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துல ஒருத்தர், குடும்ப நீதிமன்றத்துல ஒருத்தர், குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸ்ல ஒருத்தர், போதை மறுவாழ்வுல ஒருத்தர், ஒருத்தரை ஒருத்தர் தெரியாமயே பத்து வருஷம் ஓட்டறோம். தலைமைன்னா மேடை போட்டு சால்வை போர்த்தறதுன்னு நினைச்சு யாரும் முன்னாடி வர மாட்டேங்கறாங்க. புதுசா வர்ற பொண்ணு பக்கத்துல சீனியர் ஒருத்தர் ஒரு மணி நேரம் உக்காந்து, இன்னிக்கு என்னம்மா ஆச்சு, எங்க திணறினேன்னு கேட்டா அதுதான் தலைமை.

மூணு வருஷம் முன்னாடி நாங்க ஆறு பேர் தருமபுரியில கூட ஆரம்பிச்சோம். மொதல் நாள் போதை மறுவாழ்வுல வேலை பாக்கற தம்பி ஒருத்தர், அவர்கிட்ட வந்துட்டிருந்த ஒருத்தர் இறந்துபோனதைச் சொல்லி அழுதார், ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தாராம், அன்னிக்கு வேற எதுவும் பேசல நாங்க. இப்போ 14 பேர் வர்றோம். பேர் சொல்லாம கேஸ் பேசறோம், மனு எப்படி எழுதறதுன்னு புதுசா வந்தவங்களுக்குச் சொல்லித் தர்றோம், இந்த மாசம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை தமிழ்ல எளிமையா எழுதி ஸ்கூல் ஸ்கூலா குடுக்கலாம்னு இருக்கோம். மாசா மாசம் ரெண்டாவது சனிக்கிழமை காலைல 10 மணிக்கு, தலைவர் செயலாளர் சந்தா எதுவும் கிடையாது. ஓசூர், அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் தனியா வேலை பாக்கற கவுன்சிலருங்க யாராவது இதைப் படிச்சா கூட வேலை பாக்கறவங்களைக் கேட்டு வந்து சேருங்க. மத்தியானம் ஆயிடும், சாப்பாடு மட்டும் கட்டி எடுத்துட்டு வந்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆலோசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.